நைஜீரியக் குடும்பப் படத்தில் பழைய காதலி வந்து நின்றால் எங்கே பார்க்க வேண்டும்

நைஜீரியக் குடும்பப் படங்களை யூடியூபில் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், வெளியே கார் ஹாரன் கேட்கும், காவலாளி ஓடிப்போய் இரும்புக் கேட்டைத் திறப்பார், கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பெண் இறங்குவாள், கணவனின் கை பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். அவனுடைய பழைய காதலி. இனி இரண்டு மணி நேரத்துக்கு இவள் இந்தக் குடும்பத்தைக் கெடுக்கப் போகிறாள் என்று நமக்கே தெரிந்துவிடுவதால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறோம். நானும் பல படங்களை அப்படித்தான் விட்டேன். அப்புறம் ஒரு நாள் முழுசாக ஒன்றைப் பார்த்தபோதுதான் நான் தப்பான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது. வந்து நிற்கிறவளைப் பார்க்காதீர்கள், அந்த வீடு அவளுக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறது என்று பாருங்கள். நோலிவுட் என்று அழைக்கப்படும் நைஜீரியத் திரையுலகின் படங்களில் பழைய காதலியோ பழைய கணவனோ சும்மா பொறாமையில் வருவது குறைவு. ஏதோ ஒன்றை வசூலிக்கத்தான் வருகிறார்கள். அந்த ஒன்று என்னவென்று பிடித்துவிட்டால் மீதிப் படம் தானாக விளங்கும்.

முதலில் பாக்கியைக் கண்டுபிடியுங்கள்

அதிகம் வருவது படிப்புச் செலவு. ஒரு பெண் சந்தையில் தக்காளியும் மிளகாயும் விற்று, தையல் வேலை செய்து, தன் காதலனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வைப்பாள். அவன் பட்டம் வாங்குவான். அதற்குப் பிறகு நடப்பதைக் கவனிக்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நைஜீரியாவில் 1973 முதல் தேசிய இளைஞர் சேவை என்று ஒன்று இருக்கிறது, பட்டதாரிகள் ஓராண்டு, பெரும்பாலும் தங்கள் சொந்த மாநிலத்துக்கு வெளியே போய்ச் சேவை செய்ய வேண்டும். காக்கிக் கால்சட்டை, பச்சைத் தொப்பியோடு ஒரு பையன் பேருந்து ஏறினால், பழைய காதல் அங்கேதான் அறுபடப் போகிறது என்று அங்குள்ள பார்வையாளர்களுக்கு உடனே தெரியும். போன இடத்தில் படித்த, வசதியான, ஆங்கிலம் பேசும் ஒருத்தியைச் சந்திப்பான். ஐந்தாறு வருடம் கழித்து லாகோஸில் பெரிய வீடு, கார், மனைவி. தக்காளி விற்றவள் அப்போதுதான் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். அவள் கேட்பது அவனை இல்லை, தன் இருபதுகளை. இது தெரியாமல் பார்த்தால் அவள் வில்லி. தெரிந்து பார்த்தால் அவள் கத்துகிற ஒவ்வொரு வரியும் வேறு மாதிரிக் கேட்கும்.

இரண்டாவது, குழந்தை. பிறந்தது தெரியாத குழந்தை, மறைத்த குழந்தை, அல்லது தன்னுடையது இல்லை என்று அவன் மறுத்த குழந்தை. நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ சமூகத்தில் பிள்ளை அப்பாவின் வழியைச் சேர்ந்தது, அதிலும் ஆண் பிள்ளை என்றால் அப்பா வீட்டு நிலம், பெயர் எல்லாம் அவனோடு போகும். அதனால் ஏழு வயதுப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய காதலி வந்தால், மனைவியின் முகத்தைவிட மாமியாரின் முகத்தைத்தான் முதலில் பாருங்கள். மனைவிக்கு இன்னும் குழந்தை இல்லையென்றால் அந்த வீட்டின் கணக்கு அந்த நொடியிலேயே மாறிவிடும்.

யார் மீதும் தப்பு இல்லாத ஒரு வகையும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். நைஜீரியாவில் நான்கில் ஒருவர் போல அரிவாள் அணு இரத்தசோகையின் மரபணுவைச் சுமக்கிறார்கள். படத்தில் ‘என் ஜீனோடைப் ஏஎஸ்’ என்று சொன்னால் அதுதான் பொருள். ஏஎஸ் ஆன இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, எஸ்எஸ் என்ற கடுமையான நோயோடு பிறக்க. திருமணத்துக்கு முன்னால் இந்தச் சோதனைச் சீட்டைக் கேட்கும் தேவாலயங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு சீட்டைப் பார்த்துவிட்டு உயிராய் இருந்த இருவர் பிரிந்து, ஆளுக்கொரு திருமணம் செய்துகொண்டு, பிறகு ஒரு நாள் மருத்துவமனை வராந்தாவிலோ அலுவலகத்திலோ சந்திக்கிறார்கள் என்றால், அந்தப் படத்தை எந்த அவசரமும் இல்லாமல் பாருங்கள். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, சண்டை போட்டுப் பிரியவும் இல்லை. கோபப்படக்கூட ஆள் இல்லாத பிரிவு அது, அதனால்தான் புதிய வீட்டுக்குள் அது அவ்வளவு ஆழமாக இறங்குகிறது. இந்த மாதிரிப் படத்தில் மனைவி பாத்திரத்தை எழுதுவது ரொம்பக் கஷ்டம், எழுதத் தெரிந்தவர்கள் எழுதினால் மனசை அறுத்துவிடும்.

சத்தியம், ரத்த உடன்படிக்கை என்றும் வரும். விரலைக் கீறி, ரத்தத்தைக் கலந்து, உன்னைத் தவிர யாரையும் மணக்க மாட்டேன் என்று பதினெட்டு வயதில் செய்த சத்தியம் முப்பத்தைந்தில் வந்து குழந்தை தங்காமல் செய்யும். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். கொடுத்த வாக்குக்கு என்ன விலை என்ற கேள்வியை அந்தப் படங்கள் கேட்கும் விதம் இது.

கதவைத் திறந்தது யார்

பாக்கி தெரிந்துவிட்டதா, அடுத்து அவளை உள்ளே விட்டது யார் என்று பாருங்கள். பழைய காதலி தானாக வீட்டுக்குள் வர முடியாது. காவலாளியோ, வேலைக்காரப் பெண்ணோ, கணவனின் தங்கையோ, மனைவியின் நெருங்கிய தோழியோ, பெரும்பாலும் மாமியாரோ வழி விட்டிருப்பார்கள்.

இதைக் காட்ட இந்தப் படங்களிடம் அருமையான ஒரு கருவி இருக்கிறது, துணி. தென்மேற்கு நைஜீரியாவின் யோருபா மக்களின் விசேஷங்களில் அஷோ எபி என்று ஒரு வழக்கம், இப்போது நாடு முழுக்கப் பரவிவிட்டது. விசேஷ வீட்டார் ஒரே துணியைத் தேர்ந்தெடுப்பார்கள், உறவினரும் நண்பர்களும் அவர்களிடமிருந்தே அந்தத் துணியை வாங்கித் தங்கள் விருப்பப்படி தைத்துக்கொண்டு வருவார்கள். கூட்டத்தில் யார் நம் ஆள் என்பதைத் துணியே சொல்லிவிடும். இப்போது காட்சியை யோசியுங்கள். திருமண மண்டபம், பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில், தலையில் விறைப்பாக மடித்துக் கட்டிய கெலே என்ற தலைத்துணி. மேளம் அடிக்கிறது. பழைய காதலி வாசலில் வந்து நிற்கிறாள், அழைப்பு இல்லாமல் வந்திருக்கிறாள் என்றுதான் மணப்பெண் நினைக்கிறாள். பிறகு கேமரா மெதுவாகக் கீழே இறங்குகிறது, அவள் போட்டிருப்பது அதே துணி, அதே சரிகை. யாரோ அவளுக்கு முறையாக ஐந்து கஜம் அளந்து கொடுத்திருக்கிறார்கள், தைக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள், அப்படியானால் இது வாரக்கணக்காகத் தெரிந்த விஷயம். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு துரோகத்தைச் சொல்லியாகிவிட்டது. துணியின் பொருள் தெரியாதவர்களுக்கு அங்கே ஒரு பெண் அழகான உடையில் நிற்கிறாள், அவ்வளவுதான். அதனால் விசேஷக் காட்சி வந்தால் ஓட்டிவிடாதீர்கள், யார் எந்தத் துணியில் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள்.

அதே விசேஷத்தில் பழைய காதலன் வந்தால் அவன் ஆயுதம் பணம். ஆடிக்கொண்டிருக்கும் பெண்ணின் நெற்றியில் நைரா நோட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, தலைமேல் வீசிக் கொண்டாடுவது அங்கே மரியாதை. நோட்டை இப்படி வீசுவது 2007ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம், படங்களில் நடந்துகொண்டே இருக்கும். கணவன் வீசியதைவிடப் பழைய காதலன் அதிக நேரம் வீசினால் மண்டபம் முழுக்கப் புரிந்துகொள்ளும்.

இது எந்தத் திருமணம்

இது கொஞ்சம் வறண்ட பகுதிதான், ஆனால் இதைத் தாண்டாமல் பாதிப் படங்கள் புரியாது. நைஜீரியாவில் வழக்கப்படியான திருமணம், இஸ்லாமியத் திருமணம், சட்டப்படி பதிவாகும் திருமணம் என்று மூன்று உண்டு. வழக்கப்படியும் இஸ்லாமிய முறையிலும் ஒருவனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருக்கலாம். சட்டப்படி பதிவானால் ஒருத்திதான். ஒருத்தியை வழக்கப்படி மணந்து அந்த உறவு முறியாமல் இருக்கும்போது வேறொருத்தியைச் சட்டப்படி பதிவு செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாது.

அதனால் வந்து நிற்கிறவள் ‘அவர் எனக்குப் பரிசப்பணம் கொடுத்தவர்’ என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருங்கள். பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பணம் அது. இக்போ வழக்கத்தில் அந்தப் பணத்தைப் பெண் வீட்டார் திருப்பிக் கொடுத்தால்தான் திருமணம் முறிந்ததாக ஊர் ஏற்கும். இருவரும் பத்து வருடமாகப் பேசாமல் இருந்தாலும், ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும், பணம் திரும்பவில்லையென்றால் அவள் ஊர்க் கணக்கில் மனைவிதான், முன்னாள் என்று எதுவும் இல்லை. முன்பு சில பகுதிகளில் பணம் திரும்பாதவரை அவள் வேறொருவனுக்குப் பெற்ற பிள்ளைகளைக்கூட முதல் கணவன் கேட்கலாம் என்று வழக்கம் இருந்தது, 1932லேயே நீதிமன்றம் அதை நியாயத்துக்கு ஒவ்வாதது என்று தள்ளிவிட்டது. ஆனாலும் படங்களில் அந்தப் பயம் இன்னும் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கிறது.

இக்போ திருமணத்தில் கள் எடுத்துப் போகும் சடங்கு ஒன்று உண்டு, இக்பா ங்க்வு என்பார்கள். மணமகன் கூட்டத்துக்குள் எங்கோ உட்கார்ந்திருப்பான். அப்பா ஒரு கோப்பையில் பனங்கள் ஊற்றி மகளிடம் கொடுத்து, நீ யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று ஊருக்குக் காட்டு என்பார். அவள் தேடிக்கொண்டு போவாள், வழியெல்லாம் இளைஞர்கள் ‘இங்கே, இங்கே’ என்று கை நீட்டிக் கேலி செய்வார்கள், கடைசியில் தன் ஆளின் முன் மண்டியிட்டு, ஒரு வாய் குடித்து, அவனிடம் நீட்டுவாள். அவன் குடித்து முடித்தால் திருமணம். அந்தக் கூட்டத்தில் பழைய காதலன் இருந்தால் இயக்குநருக்கு வேறு எதுவும் தேவையில்லை. எல்லாரும் கை நீட்டும்போது நீட்டாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவனைக் கண்டுபிடியுங்கள். அவள் நடை அவன் பக்கத்தில் வரும்போது மட்டும் கோப்பை கொஞ்சம் தளும்பும்.

விவாகரத்துக் காட்சிகளை மட்டும் நம்பாதீர்கள். மனைவி பழுப்பு உறையை மேசைமேல் எறிந்து ‘கையெழுத்துப் போடு’ என்பாள், அடுத்த காட்சியில் இருவரும் பிரிந்துவிடுவார்கள். 1970ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவுத் திருமணத்தை உயர் நீதிமன்றம்தான் முறிக்க முடியும், வேறு உறவு வைத்திருந்தது போன்ற சில காரணங்கள் தவிர, திருமணமாகி இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் மனுவே போட முடியாது, தீர்ப்பு வந்த பிறகும் அது முழுமையாக மூன்று மாதம் ஆகும்.

வரவேற்பறையை ஓட்டாதீர்கள்

இந்தப் படங்களில் முக்கால்வாசி ஒரே வரவேற்பறையில் நடக்கும். வெளிநாட்டுப் படங்களுக்குப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். காரணம் எளிது, ஏராளமான படங்கள் டெல்டா மாநிலத் தலைநகர் அசாபாவிலும் அதைச் சுற்றியும் வாடகைக்கு எடுத்த மாடி வீடுகளில், குறைந்த பணத்தில், சில நாட்களிலேயே எடுக்கப்படுகின்றன. நைஜர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒனிட்சா, ஒரு காலத்தில் வீடியோ கேசட்டுகள் மலைபோல் விற்ற சந்தை. எல்லாம் சோபாவில் நடப்பதால் சின்ன விஷயங்கள்தான் கதை சொல்கின்றன.

மொழி மாறுவதைக் கேளுங்கள். மனைவியோடு முழுக்க ஆங்கிலத்தில் பேசும் ஒருவன், பழைய காதலி வந்ததும் இரண்டு வாக்கியம் இக்போவில் பேசினால், வசன வரியில் அது சாதாரணமாகத்தான் இருக்கும், ‘எப்போது வந்தாய்’ அவ்வளவுதான். ஆனால் மனைவிக்குப் புரியாத மொழியில் அவன் அதைக் கேட்டிருக்கிறான், அதுவும் தளர்ந்த குரலில். படம் முழுக்க அவள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கப் போவது அந்த இரண்டு வாக்கியத்தைத்தான்.

உடம்பு வணங்குவதைப் பாருங்கள். யோருபா பெண்கள் பெரியவர்களை வணங்கும்போது இரண்டு முழங்காலும் தரையில் படும். நகரத்து மருமகள் அவசரத்தில் லேசாக முழங்காலை மடித்துவிட்டு நிமிர்ந்துவிடுவாள். பழைய காதலி வந்ததும் முழுசாக மண்டியிட்டு, ‘அம்மா, சாப்பிட்டீர்களா’ என்று கேட்பாள். மாமியாரின் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அதற்கு மேல் வசனம் தேவையில்லை. அதேபோலச் சமையலறை. அவனுக்குக் கசப்பு இலைச் சூப்பில் எவ்வளவு காரம் வேண்டும் என்று கேட்காமலே பழைய காதலி போட்டால், மனைவி அதைக் கதவோரம் நின்று பார்த்தால், அது படத்தின் பெரிய அடிதடிக் காட்சியைவிட வலிக்கும்.

வசிய மருந்து, டிபியா என்று வந்தால்

குறி சொல்லி மருந்து கொடுக்கும் நாட்டு மந்திரவாதி, இக்போவில் டிபியா, யோருபாவில் பாபலாவோ, குடிசைக்குள் சிவப்புத் துணி, சோழி. பழைய காதலி அங்கே போய் மருந்து வாங்கி வந்து சாப்பாட்டில் கலப்பாள், கணவன் மறுநாள் காலையிலேயே மனைவியைப் பார்க்கச் சகிக்காதவனாகிவிடுவான். பலர் இங்கே சிரித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் சொல்வது, மருந்து கலப்பதற்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள். நல்ல படத்தில் மருந்துக்கு முன்னாலேயே அவன் அவளுக்கு மூன்று தடவை போன் செய்திருப்பான். சுமாரான படத்தில் மருந்து அவனுடைய தப்பை முழுக்கக் கழுவிவிடும், கடைசியில் பாஸ்டர் ஜெபம் செய்ததும் அவன் அழுவான், மனைவி மன்னிப்பாள், பழைய காதலிக்குப் பைத்தியம் பிடித்துத் தெருவில் அலைவாள். இந்த முடிவுமேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. படிக்க வைத்தவளுக்குப் பைத்தியம், ஏமாற்றியவனுக்குப் பாவமன்னிப்பு. இப்படி முடியும் படத்தைப் பார்த்தால் பாக்கி தீரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும்.

நோலிவுட்டின் பெரிய தொடக்கமாகச் சொல்லப்படும் ‘லிவிங் இன் பாண்டேஜ்’, 1992இல் இக்போ மொழியில் நேராக வீடியோ கேசட்டில் வந்தது, இந்தப் பாக்கியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆண்டி பணத்துக்காகத் தன் மனைவி மெரிட்டையே பலி கொடுக்கிறான், பணம் வருகிறது, அவளுடைய ஆவி அவனை விடவில்லை. பழைய துணை செத்த பிறகும் வந்து வசூலிக்கிறாள். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பழைய காதலிகள் இந்த மெரிட்டின் தங்கைகள் என்றே எனக்குத் தோன்றும்.

வடக்கே போனால் கதை வேறு. கானோ நகரை மையமாகக் கொண்ட ஹவுசா மொழிப் படங்களில் தொட்டுப் பேசுவதே அரிது, பாட்டு நிறைய, பல மனைவியர் வாழும் வீடுகள். சக்களத்திக்கு ஹவுசாவில் கிஷியா என்று பெயர், பொறாமைக்கு கிஷி, இரண்டு சொல்லும் ஒரே வேர். அங்கே முன்னாள் கணவன் கதைகளில் வரும் ஒரு முடிச்சு, மூன்று முறை தலாக் சொல்லிப் பிரிந்தவளை அவன் மறுபடி மணக்க வேண்டுமானால் இடையில் அவள் வேறொருவனை மணந்து அந்தத் திருமணமும் முடிந்திருக்க வேண்டும் என்பது. இடையில் வந்தவன் உண்மையிலேயே அவளை நேசிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதில் ஆரம்பிப்பது

லேசாக ஆரம்பிக்க 2016இல் வந்த கெமி அடெடிபாவின் ‘தி வெட்டிங் பார்ட்டி’. யோருபா மணமகள், இக்போ மணமகன், ஒரே நாள் கல்யாணக் கூத்து, நடுவில் மணமகனின் பழைய காதலி ரோஸி. மேலே சொன்ன துணி, பணம், மாமியார் எல்லாம் சிரிப்போடு பார்த்துப் பழகலாம். அடுத்து குன்லே அஃபோலயன் 2009இல் இயக்கிய ‘தி ஃபிகரின்’. இளைஞர் சேவை முகாமில் இரண்டு நண்பர்களுக்கு ஒரு சிலை கிடைக்கிறது, ஏழு வருடம் அதிர்ஷ்டம், பிறகு ஏழு வருடம் துன்பம். ஒருவன் மோனாவை மணக்கிறான், இன்னொருவன் அவளை மனசுக்குள் நேசித்துக்கொண்டே பக்கத்தில் இருக்கிறான். பழைய காதலன் என்று சொல்ல முடியாதவன், ஆனால் பாக்கி அவனிடம்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் பிறகு யூடியூபில் வரும் இரண்டு மணி நேர அசாபாப் படங்களுக்குப் போனால் சலிக்காது.

படத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் அவசரப்படாதீர்கள். பழைய காலத்தில் கேசட்டை முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று தனித்தனியாக விற்றார்கள், பாக்கி தீராத இடத்தில் முதல் பாகம் நிற்கும். இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை, அதனால் திடீரென்று முடிந்தால் சேனலில் அடுத்த பாகத்தைத் தேடிப்பாருங்கள். முறையாக முடிகிற படங்களில் பெரும்பாலும் ஒரு உமுன்னாக் கூட்டம் வரும், தந்தைவழி ஆண் உறவினர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், கோலா கொட்டை உடைத்து ஜெபம் சொல்லி முடித்த பிறகுதான் பேச்சு. பெண்ணின் அப்பா சட்டைப் பையிலிருந்து பரிசப்பணத்தை எடுத்து, நடுவில் இருக்கும் சின்ன மேசைமேல் வைப்பார். மூத்தவர் ஒருவர் விரலை நக்கி நக்கி அதை எண்ணுவார், யாரும் பேச மாட்டார்கள். கேமரா எங்கே இருந்தாலும் பரவாயில்லை, நோட்டு எண்ணி முடியும்வரை அந்தப் பெண் எங்கே பார்க்கிறாள் என்று மட்டும் பாருங்கள்.